எடைக்குறைப்பு அறுவைக்குப் பிறகு வயிற்றுத் தொந்தரவு: எண்டோஸ்கோபியா, சி.டி.யா, எக்ஸ்ரேயா?

எடைக்குறைப்பு அறுவை செய்துகொண்டவர்களுக்கு வயிற்றில் ஏதாவது கோளாறு வந்தால் வீட்டில் எல்லோரும் முதலில் சொல்வது, "ஒரு எண்டோஸ்கோபி எடுத்துப் பாத்துடலாமே" என்பதுதான். உள்ளே கேமராவை விட்டு நேரிலேயே பார்த்துவிட்டால் அப்புறம் என்ன சந்தேகம் என்ற நினைப்பு. எண்டோஸ்கோபி அறையிலேயே வேலை பார்க்கும் எனக்கு அந்தக் கருவி மீது நிறையவே மரியாதை உண்டு. ஆனால் அது தான் போகும் வழியை மட்டும்தான் காட்டும். குடலுக்கு வெளியே நடப்பதும், அது எட்டாத இரைப்பையில் நடப்பதும் அதற்குத் தெரியாது. இந்த அறுவைகளில் சில அந்த வழியையே மாற்றிவிடுகின்றன. ஆகவே எந்தப் பரிசோதனை என்று முடிவு செய்யும் முன் எந்த அறுவை நடந்தது, நடந்து எவ்வளவு காலம் ஆயிற்று, இப்போது என்ன தொந்தரவு என்று பார்க்க வேண்டும்.

நம் ஊரில் இன்னொரு சிக்கல். "பைபாஸ் ஆயிருக்கு" என்று ராத்திரி அவசரப் பிரிவில் சொன்னால் எல்லோரும் நெஞ்சைத்தான் பார்ப்பார்கள். எடைக்குச் செய்த பைபாஸ் என்று சேர்த்துச் சொல்லுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியைப் போட்டோ எடுத்து போனிலேயே வைத்திருங்கள். குடலை எத்தனை சென்டிமீட்டர் தள்ளி எங்கே இணைத்தார்கள் என்ற ஒரு வரி அதில் இருக்கும். எங்களுக்கு அந்த வரி பெரிய உதவி.

வழி எப்படி மாறுகிறது

ஸ்லீவ் அறுவையில் இரைப்பையின் வெளிப்பக்கத்தை நீளவாக்கில் ஸ்டேப்ளர் போட்டு, ஏறக்குறைய முக்கால் பங்கை வெட்டி எடுத்துவிடுவார்கள். மிஞ்சுவது ஒரு ஒடுங்கிய குழாய். உணவுக்குழாய், இரைப்பை, முன்சிறுகுடல் என்ற வரிசை மாறாது. வழக்கமான எண்டோஸ்கோபி வழக்கமாகப் பார்க்கும் இடம் எல்லாவற்றையும் பார்த்துவிடும்.

ரூ-என்-வை பைபாஸ் அப்படியல்ல. இரைப்பையின் மேல்முனையில் 30 மில்லி அளவுக்கு ஒரு சின்னப் பை மட்டும் பிரிக்கப்படும். மீதி இரைப்பையை எடுப்பதில்லை; சோறு தண்ணீர் போகாமல் உள்ளேயே இருக்கும். சிறுகுடலை வெட்டி ஒரு முனையை மேலே கொண்டுவந்து அந்தப் பையோடு தைப்பார்கள். பித்தநீரும் கணையநீரும் வரும் மறுமுனையை ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டர் கீழே தள்ளி இணைப்பார்கள். மினி பைபாஸில் பை நீளமானது, இணைப்பு ஒன்றே ஒன்று. அந்த இணைப்பை ஒட்டியே பித்தநீர் ஓடுவதால் சிலருக்கு அது மேலேறி வரும்.

ரூ-என்-வை பைபாஸ் ஆனவரின் எண்டோஸ்கோபியை மானிட்டரில் முதல் தடவை பார்ப்பவர்கள் கொஞ்சம் திகைப்பார்கள். பல்வரிசையிலிருந்து 40 சென்டிமீட்டர் வாக்கில் உணவுக்குழாய் முடிகிறது. அடுத்து நாலைந்து சென்டிமீட்டரில் இரைப்பையும் முடிந்துவிடுகிறது. எதிரே விரல் நுழையும் அளவுக்கு ஒரு வட்டத் துவாரம். அதைத் தாண்டியதும் இரட்டைக்குழல் துப்பாக்கியின் வாய் போல அருகருகே இரண்டு திறப்பு. ஒன்று சில சென்டிமீட்டரிலேயே முட்டுச்சந்தாக முடியும். மற்றதுதான் கீழே இறங்கும். அல்சர் இருந்தால் பெரும்பாலும் அந்த வட்டத் துவாரத்தின் குடல் பக்கத்து விளிம்பில்தான் உட்கார்ந்திருக்கும்: நடுவே வெளிறிய மஞ்சள், சுற்றிலும் சிவப்பு. சில சமயம் புண்ணின் நடுவிலேயே பழைய தையல் நூல் ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். அதை எண்டோஸ்கோப் வழியாகவே வெட்டி எடுத்துவிடலாம். எந்த ஸ்கேனாலும் செய்ய முடியாத வேலை அது.

ஸ்லீவ் ஆனவர்கள்: தொந்தரவே இல்லாவிட்டாலும் எண்டோஸ்கோபி

ஸ்லீவுக்குப் பிறகு இரைப்பை ஒடுங்கிய குழாயாகிவிடுவதால் உள்ளே அழுத்தம் கூடும். அமிலம் மேலேறுவது பலருக்குப் புதிதாகத் தொடங்கும், அல்லது இருந்தது அதிகமாகும். பின்லாந்தில் 240 பேரை ஸ்லீவ், பைபாஸ் என்று இரண்டாகப் பிரித்துப் பத்தாண்டுகள் தொடர்ந்து பார்த்த ஸ்லீவ்பாஸ் ஆய்வின் முடிவுகள் 2022இல் வெளிவந்தன. பத்தாம் ஆண்டு எண்டோஸ்கோபியில் உணவுக்குழாய் அழற்சி ஸ்லீவ் குழுவில் 31 சதவீதம், பைபாஸ் குழுவில் 7 சதவீதம். புற்றுநோய்க்கு முந்தைய நிலையாகக் கருதப்படும் பாரெட் மாற்றம் (உணவுக்குழாயின் சளிச்சவ்வு மாறிவிடுவது) இரு குழுவிலும் 4 சதவீதம்தான். வேறு சில ஆய்வுகளில் ஸ்லீவுக்குப் பிந்தைய பாரெட் இதைவிட அதிகமாகத் தென்பட்டிருக்கிறது. அந்த எண் பற்றிய வாதம் இன்னும் முடியவில்லை.

நெஞ்செரிச்சல் இல்லை என்பதை நம்பி இருந்துவிடவும் முடியாது. எரிச்சலே தெரியாதவரின் உணவுக்குழாயில் நீளக்கோடாகப் புண் இருப்பதைப் பார்த்திருக்கிறோம். அதனால்தான் பன்னாட்டு எடைக்குறைப்பு அறுவை மருத்துவர் கூட்டமைப்பு 2020இல் சொன்ன பரிந்துரை தாராளமாக இருக்கிறது: எல்லோருக்கும் ஓராண்டில் ஒரு எண்டோஸ்கோபி, பிறகு ஸ்லீவும் மினி பைபாஸும் ஆனவர்களுக்கு இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒரு தடவை. அமெரிக்காவின் எடைக்குறைப்பு அறுவை மருத்துவர் சங்கம் 2021இல் சொன்னது கொஞ்சம் இறுக்கமானது: ஸ்லீவ் முடிந்து மூன்றாண்டு கழித்து, அறிகுறி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்று எடுக்கலாம், அது நன்றாக இருந்தால் ஐந்தாண்டுக்கு ஒருமுறை போதும். என்னைக் கேட்டால், தொந்தரவில்லாத ஸ்லீவ்காரருக்கு அமெரிக்கக் கணக்கே நடைமுறைக்கு ஒத்துவரும். எதுக்களிப்போ இருமலோ தொடர்ந்து இருப்பவரும், வருடக்கணக்கில் அமில மாத்திரையை விட முடியாதவரும் மூன்றாண்டு வரை காத்திருக்க வேண்டாம். இந்தக் கேள்விக்கு சி.டி., எக்ஸ்ரே எதற்கும் பதில் தெரியாது. சளிச்சவ்வின் நிறம் மாறியிருப்பதைக் கண்ணால்தான் பார்க்க வேண்டும். சந்தேகமான இடத்தில் துணுக்கு எடுத்து பயாப்சிக்கு அனுப்ப வேண்டும்.

ஆனால் ஸ்லீவ் ஆனவருக்குச் சாப்பிட்டது இறங்காமல் வாந்தியாக வந்தால் கதை வேறு. இரைப்பைக் குழாய் நடுவில் மடங்கியோ முறுக்கியோ இருக்கலாம். எண்டோஸ்கோப் வளையும் குழாய். மருத்துவர் லேசாகத் திருப்பினால் அந்த முறுக்கைத் தாண்டிப் போய்விடும். ரிப்போர்ட்டிலும் ‘அடைப்பு இல்லை’ என்று வந்துவிடும். சோறு அப்படித் திரும்பித் திரும்பிப் போகாது. இங்கேதான் பலரும் பழசு என்று ஒதுக்கும் எக்ஸ்ரே உதவுகிறது. எக்ஸ்ரேயில் தெரியும் ஒரு மருந்தை விழுங்கச் சொல்லி, அது இறங்குவதை ஓட ஓடப் படமெடுப்பார்கள். எந்த இடத்தில் தேங்குகிறது, மேல்பகுதி எவ்வளவு உப்புகிறது என்று அதில் தெளிவாகத் தெரியும். என் கணக்கில் இவர்களுக்கு இரண்டும் தேவை. ஒன்று மட்டும்தான் முடியும் என்றால் முதலில் விழுங்கும் எக்ஸ்ரே. சுருக்கம் உறுதியானால் பலூன் வைத்து விரிப்பதற்கு எண்டோஸ்கோபி வரும்.

பைபாஸ் ஆனவர்கள்: வலியின் குணம்தான் முடிவு செய்யும்

மேல்வயிற்றில் எரிச்சலும் வலியும், சாப்பிட்டதும் குத்தல், மலம் கறுப்பாகப் போவது. இதற்கு எண்டோஸ்கோபிதான், யோசிக்கவே வேண்டாம். இணைப்பில் வரும் அல்சருக்குப் பெரிய காரணங்கள் புகையும் வலி மாத்திரையும். மூட்டுவலிக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் இரண்டும் பைபாஸ் ஆனவர்களுக்கு ஆகாது. வேறு வழியே இல்லாமல் மருத்துவர் பார்த்துக் கொடுத்தால் ஒழிய. புண் இருப்பது தெரிந்த பின் இன்னொன்றைக் கேளுங்கள்: அமிலம் குறைக்கும் கேப்ஸ்யூலைப் பிரித்து உள்ளிருக்கும் குருணையைச் சாப்பிடலாமா என்று. முழுக் கேப்ஸ்யூல் இந்தச் சின்னப் பையில் கரைய நேரம் கிடைக்காமல் கீழே போய்விடுகிறது. பிரித்துக் கொடுத்தவர்களுக்கு ஏறக்குறைய மூன்று மாதத்தில் ஆறிய புண், முழுசாக விழுங்கியவர்களுக்கு ஆற ஏறக்குறைய 11 மாதம் ஆனதாக 2017இல் வந்த ஒரு அமெரிக்க ஆய்வு சொல்கிறது. செலவில்லாத மாற்றம், ஆனாலும் ரிப்போர்ட்டோடு வெளியே போகும் பலரிடம் இதை யாரும் சொல்வதில்லை.

அறுவை முடிந்து முதல் மூன்று மாதத்துக்குள் வாந்தி வந்து, முதலில் கெட்டியான சோறு, அப்புறம் கஞ்சி, அப்புறம் தண்ணீர்கூட இறங்காமல் போனால் இணைப்புத் துவாரம் சுருங்கியிருக்கலாம். இதிலும் எண்டோஸ்கோபிக்கே முதலிடம். கருவியின் முனை ஒரு சென்டிமீட்டர் அளவுதான். அதுவே நுழையவில்லை என்றால் சுருக்கம் உறுதி. அப்போதே பலூனை விட்டு விரித்துவிடலாம், பரிசோதனையும் சிகிச்சையும் ஒரே தடவையில் முடியும். எக்ஸ்ரே எடுத்துச் சுருக்கம் இருக்கிறது என்று தெரிந்துகொண்டு அதற்கப்புறம் எண்டோஸ்கோபிக்கு வருவது ஒருநாள் வீண். இதோடு ஒன்று: நாள்கணக்கில் வாந்தி எடுத்தவருக்கு வெறும் குளுக்கோஸ் பாட்டில் ஏற்றும் முன் வைட்டமின் பி1 ஊசி போட வேண்டும். இல்லாவிட்டால் மூளை பாதிக்கும். பக்கத்துக் கிளினிக்கில் டிரிப் போட்டுக்கொள்ளப் போகிறவர்கள் இதை வாய்விட்டுக் கேட்க வேண்டும்.

இனி வருவதுதான் ஆபத்தான இடம். அறுவை முடிந்து ஓராண்டோ மூன்றாண்டோ ஆகிவிட்டது, எடை நன்றாகக் குறைந்திருக்கிறது, திடீரென்று தொப்புளைச் சுற்றி முறுக்கிப் பிடிக்கிறது, சில நேரம் தானே விட்டுவிடுகிறது, பிறகு திரும்ப வருகிறது. சிலருக்கு முதுகுக்கும் பாயும். இதை "கேஸ்" என்று நினைத்து ஓம வாட்டர் குடிப்பவர்கள் நிறைய. எண்டோஸ்கோபிக்கு எங்களிடம் அனுப்பப்படுபவர்களும் உண்டு. நாங்கள் பார்த்தால் பை சுத்தமாக இருக்கும், இணைப்பு சுத்தமாக இருக்கும், ‘நார்மல்’ என்று எழுதிக்கொடுப்போம். கோளாறு நாங்கள் பார்க்கிற இடத்திலேயே இல்லை. குடலை இடம் மாற்றித் தைக்கும்போது குடலைத் தாங்கும் சவ்வுகளுக்கு இடையே இடுக்குகள் உண்டாகின்றன. கொழுப்பு கரைந்ததும் அந்த இடுக்குகள் அகலமாகும். குடல் அதற்குள் நுழைந்து முறுக்கிக்கொண்டால் அது உள்ஹெர்னியா. ரத்த ஓட்டம் நின்றுபோனால் சில மணி நேரத்தில் குடல் அழுகும்.

இந்த வலிக்கு சி.டி. ஸ்கேன்தான், அதுவும் அன்றைக்கே. ரத்தக்குழாய்கள் நீர்ச்சுழி போலச் சுழன்று நிற்பது படத்தில் தெரியும். தெரியாமலும் போகலாம், வலி விட்டிருக்கும் நேரத்தில் எடுத்தால் குடல் தன் இடத்துக்குத் திரும்பியிருக்கும். சி.டி. சரியாக இருந்தும் வலி மறுபடி மறுபடி வந்தால் லேப்ராஸ்கோபியில் (சின்னத் துளை வழியாகக் கேமரா விட்டு) உள்ளே பார்த்தே தீர வேண்டும் என்று அறுவை மருத்துவர்கள் சொல்வது மிகையல்ல. ரத்தப் பரிசோதனை நார்மலாக இருப்பதை வைத்தும் தைரியம் கொள்ளக்கூடாது. பைபாஸ் ஆன கர்ப்பிணிகளுக்கு இந்த ஆபத்து கூடுதல். பிரசவ வலி, அசிடிட்டி என்று மட்டும் நினைத்து நாள் கடத்துவது அவர்களிடம்தான் அதிகம். கதிர்வீச்சுக்குப் பயந்து எம்.ஆர்.ஐ. எடுக்கலாம், எதுவும் எடுக்காமல் இருப்பதுதான் தப்பு.

எந்த அறுவையாக இருந்தாலும், முதல் சில வாரங்களில் காய்ச்சலோ, இடது தோளில் வலியோ, நாடித்துடிப்பு 120ஐத் தாண்டுவதோ இருந்தால் தையல் கசிவைச் சந்தேகிக்க வேண்டும். கரையும் எக்ஸ்ரே மருந்தை வாயாலும் நரம்பிலும் கொடுத்து எடுக்கும் சி.டி.தான் முதல் தேர்வு. கரையாத மருந்தான பேரியம் கூடாது, கசிந்து வயிற்றறைக்குள் போனால் பிரச்சினை. வாய்வழி மருந்தை மற்ற நோயாளிகளைப் போல மடமடவென்று குடிக்கவும் வேண்டாம், சின்னப் பைக்கு மிடறு மிடறாகத்தான். கசிவு உறுதியான பின், ஸ்டென்ட் என்ற வலைக்குழாயை வைக்கவோ உள்ளே தேங்கியதை வடிக்கவோ எண்டோஸ்கோபி வரும். அதை அறுவை மருத்துவர் பக்கத்தில் இருக்கும் மருத்துவமனையில், சாதாரணக் காற்றுக்குப் பதிலாக கார்பன் டை ஆக்சைடு ஊதிச் செய்வது நல்லது.

எடை திரும்பி ஏறினால், ரத்தம் குறைந்தால்

எடை மீண்டும் ஏறுகிறவர்கள் பை பெரிதாகிவிட்டதா என்று பார்க்க எண்டோஸ்கோபி கேட்பார்கள். துவாரம் எவ்வளவு அகன்றிருக்கிறது என்று அதில் அளக்கலாம், அகன்றிருந்தால் உள்ளிருந்தே தையல் போட்டுச் சுருக்கவும் சில இடங்களில் வசதி உண்டு. ஆனால் அதற்கு முன் ஒரு வாரச் சாப்பாட்டை எழுதிக்கொண்டு டயட்டீஷியனிடம் போவது மலிவு.

ரத்தசோகைக்கும் அப்படித்தான் உடனே எண்டோஸ்கோபி என்று ஓட வேண்டாம். இரும்பு உறிஞ்சப்படும் முன்சிறுகுடலை பைபாஸில் உணவு தொடுவதே இல்லை. இரும்பு, பி12 அளவுகளை முதலில் பாருங்கள். மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டும் ஏறவில்லை, மலம் கறுப்பாகப் போகிறது, வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது என்றால் மேலும் கீழும் இரண்டு எண்டோஸ்கோபியும் தேவைப்படும். பெருங்குடலை இந்த அறுவைகள் தொடுவதில்லை. கொலோனோஸ்கோபி எல்லோருக்கும் போலத்தான். வயிற்றைச் சுத்தப்படுத்தும் மருந்தை மட்டும் முந்தின மாலையும் அன்று காலையுமாகப் பிரித்து, மெதுவாகக் குடிக்க வேண்டும்.

மேல் எண்டோஸ்கோபிக்கு வரும்போது ஊசி போடும் எடைக்குறைப்பு மருந்து எடுத்துக்கொண்டிருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். செமாக்ளூடைட் போன்றவை இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும். எட்டு மணி நேரம் வெறும் வயிற்றோடு வந்தும் உள்ளே சோறு கிடப்பதுண்டு. மயக்கத்தில் அது நுரையீரலுக்குப் போகலாம். முந்தின நாள் முழுக்கத் திரவ உணவா, ஒரு வார ஊசியை நிறுத்துவதா என்பதை மயக்க மருத்துவர் சொல்வார். தூக்கத்தில் மூச்சுத் தடைபடுபவர்கள் இரவில் மூச்சுக்காக மாட்டிக்கொள்ளும் தங்கள் சிபேப் கருவியையும் கொண்டுவரலாம்.

பித்தநாளத்துக் கல்: மூன்று வழி, மூன்றும் வேறு

வேகமாக எடை குறையும்போது பித்தப்பையில் கல் சேர்வது சகஜம். அதைப் பார்க்க அல்ட்ராசவுண்ட் போதும். கல் பித்தநாளத்துக்கு இறங்கி மஞ்சள் காமாலை வந்தால் பித்தநாளத்தைப் படமெடுக்கும் எம்.ஆர்.சி.பி. ஸ்கேனில் உறுதி செய்வார்கள். எடுப்பதுதான் சிக்கல். எண்டோஸ்கோப் வழியாக அந்தக் கல்லை எடுப்பதுதான் ஈ.ஆர்.சி.பி. அதன் கருவி வாய் வழியாக முன்சிறுகுடலுக்குப் போக வேண்டும். ரூ-என்-வை பைபாஸ் ஆனவருக்கு அந்த வழி அடைபட்டிருக்கிறது.

முதல் வழி, பலூன் உதவியோடு நகரும் நீளமான சிறுகுடல் எண்டோஸ்கோப்பை (என்டரோஸ்கோப்) மேலிருந்து இறக்கி, கீழ் இணைப்பில் திரும்பி, பின்பக்கமாக மேலேறிப் போவது. தையல் இல்லை, ஓட்டை இல்லை. ஆனால் நேரம் பிடிக்கும், ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குப் பலிக்காது. குடலை இணைத்த தூரம் குறைவாக இருந்தால் மட்டும் முயன்று பார்க்கலாம். டிஸ்சார்ஜ் சம்மரியின் அந்த ஒரு வரி இங்கே தேவைப்படும். இரண்டாவது, அறுவை மருத்துவர் லேப்ராஸ்கோபியில் ஒதுக்கிவைத்த இரைப்பையைத் துளையிட்டு, அதன் வழியே எண்டோஸ்கோபி மருத்துவர் நுழைவது. ஏறக்குறைய எல்லோருக்கும் வெற்றி, ஆனால் இது ஒரு அறுவைதான், இரண்டு மருத்துவர்களும் ஒரே நேரத்தில் கிடைக்க வேண்டும். மூன்றாவது, எண்டோஸ்கோபிக் அல்ட்ராசவுண்ட் (முனையில் ஸ்கேன் உள்ள எண்டோஸ்கோப்) மூலம் சின்னப் பையிலிருந்து ஒதுக்கிய இரைப்பைக்கு ஒரு உலோக ஸ்டென்ட் பாலம் போட்டு, அதன் வழியே ஈ.ஆர்.சி.பி. செய்வது. வெற்றி இரண்டாவதற்குச் சமம், வயிற்றில் வெட்டு இல்லை. ஸ்டென்டின் விலை அதிகம், பழகிய கைகள் குறைவு, எடுத்த பிறகு அந்தத் துளை மூடாமல் நின்றால் சாப்பாடு பழைய இரைப்பைக்குள் போய் எடை ஏறலாம்.

பித்தப்பை இன்னும் உள்ளே இருந்தால் நான் இரண்டாவதையே சொல்வேன். ஒரே மயக்கத்தில் நாளத்துக் கல்லும் பித்தப்பையும் சேர்ந்து வெளியேறும், கல் மறுபடி இறங்கும் பயமும் போகும். பித்தப்பை ஏற்கெனவே எடுத்தவருக்கு, நிறையச் செய்து பழகிய மையம் எட்டும் தூரத்தில் இருந்தால் மூன்றாவது. கடுமையான காய்ச்சலோடு, ரத்த அழுத்தம் இறங்கிய நிலையில் வருபவருக்கு இந்த விவாதத்துக்கே நேரமில்லை. ஈரல் வழியாக ஊசிக்குழாய் போட்டுப் பித்தத்தை வடித்து ஆளைத் தேற்றிய பிறகுதான் கல். ஸ்லீவ் ஆனவருக்கு வழக்கமான ஈ.ஆர்.சி.பி.யே போதும்.